தறுகண் என்னுஞ் சொல்

வீரங் குறித்த பழஞ்சொற்களுள் ‘தறுகண்’ என்பது பேச்சு வழக்கினின்று நீங்கி ஏட்டளவில் நிற்பது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி கொடுமை, அஞ்சாமை என்னும் இருபொருளையும் இதற்குத் தருகின்றது. இவற்றுள் எது அடிப்படை என்பது வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. குறட்பா ஒன்றன் பொருளே அதனைப் பற்றி நிற்கின்றது.

பெருமிதம் பிறக்கும் களன்களாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நான்கனுள் தறுகணும் ஒன்று. ஏனையவை கல்வி, புகழ், கொடை என்பன. கல்வியோடும் கொடையோடும் ஒருங்கெண்ணப்பட்டது கொடுமையாதல் யாங்ஙனம்? அஞ்சத்தக்கவற்றின் முன்னும் அஞ்சாமை என உரைமரபு கொண்டதே பொருத்தமுடைத்து. சங்கச் செய்யுட்களில் இச்சொல் யானைக்கும் அடையாய் வரும். ஆண்டும் அதன் அஞ்சா இயல்பே கருதப்பட்டதன்றி, அறத்தின் வழீஇய குற்றம் அதன்மேல் ஏற்றப்பட்டதன்று.

இனி, படைச்செருக்கு அதிகாரத்துக் குறளை (773) நோக்குவோம். தறுகணைப் பேராண்மை என்றும், பகைவர்க்கு ஓர் இடர் வந்துழி உதவும் ஊராண்மையை அதன் எஃகு என்றும் அது கூறும். பரிமேலழகர் பகைவர்பால் இரக்கங்காட்டாத மறமே தறுகண் எனக் கொண்டு, படையிழந்து தனித்து நின்ற இலங்கை வேந்தனை இராமன் விடுத்த செய்தியை ஊராண்மைக்கு எடுத்துக்காட்டுவர். எடுத்துக்காட்டு மிக நன்று, சொற்பொருளே இடர்ப்படுகின்றது. எஃகாவது படைக்கலத்தின் கூர்மை. கூர்மை கருவியின் வேறன்று. அதன் சிறந்த பகுதியேயாம். இரக்கமின்மைக்கு இரக்கம் கூர்மையாதல் எங்ஙனம்? அஞ்சாமை எனக் கொள்ளின் முரண் நீங்கும்: பகைவனை அஞ்சாதானே அவனை உயிரோடு விட வல்லன்.

‘வன்கண்’ என்பதன் வழக்கும் இதற்குத் துணையாகும். அமைச்சர்க்கும் (632), தொல்படைக்கும் (762), தூதர்க்கும் (689) வேண்டுவதாக அதனைப் புகழ்ந்த வள்ளுவரே, ஈயாது வைத்திழப்பாரையும் வன்கணவர் (228) என இகழ்ந்தார். ஒரு நூலினுள்ளேயே ஒரு சொல் உறுதியையும் கொடுமையையும் இடத்திற்கேற்பச் சுட்டுகின்றது. கண் ஓடுதல் இரக்கமாயின், ஓடாது நிலைத்த கண் அச்சமின்மையையும் காட்டலாம், அருளின்மையையும் காட்டலாம். ‘தறுதலை’ என்னும் இற்றை வசைச்சொல்லை இதனோடு இணைப்பாரும் உளராகலாம். முதனிலை ஒத்தது கொண்டே அவ்வாறு துணிதல் கூடாது. வன்கண்ணோ பிற்காலத்துக் கொடுமை, பொறாமை என்னும் பொருள்களிலேயே நின்றுவிட்டது. தறுகண்ணின் நற்பொருளை இலக்கண நூலும் குறளுமே பெரிதும் காத்துநின்றன.