துறைமுகம் மாறிய இரு மலைகள்

கொச்சியைச் சுற்றிக் காண வேண்டிய இடங்கள் என்று எந்தப் பட்டியலை எடுத்தாலும், கோட்டைக் கொச்சிக்கும் மட்டாஞ்சேரிக்கும் அடுத்து மூணாறு வந்துவிடும். பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளம் அத்தகைய பட்டியல்களில் அரிதாகவே தென்படும். அது கேரளத்தின் காடுதான். ஆயினும் அதற்கான வாகனச் சாலை பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை, டாப்சிலிப் வழியாக ஏறுகிறது. எனவே இன்றைய பயணிக்கு மூணாறு கொச்சியின் மலை. பரம்பிக்குளம் பொள்ளாச்சியின் காடு.

ஒரு நூற்றாண்டுக்கு முன் நிலைமை நேர்மாறாக இருந்தது.

மூணாற்றிலிருந்து குண்டலைப் பள்ளத்தாக்கு வழியே 1902இல் ஒற்றைத் தண்டவாளப் பாதை ஒன்று இடப்பட்டது. 1908இல் அது இரண்டடி அகலமுள்ள குறும்பாதை இரயிலாக மாற்றப்பட்டது. தேயிலைப் பெட்டிகள் அதன்வழி மலையுச்சியிலுள்ள டாப் ஸ்டேஷனை அடைந்தன. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கின. பின்னர் போடிநாயக்கனூர் வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் சென்று கப்பலேறின. திருவிதாங்கூர் மண்ணில் விளைந்த தேயிலை, மதராஸ் மாகாணத்துக் கிழக்குக் கடற்கரையை நோக்கிப் பயணப்பட்டது.

பரம்பிக்குளத்து மரங்களோ மேற்கு நோக்கி இறங்கின. கொச்சி சமஸ்தானம் அமைத்த வன டிராம்வே 1907 முதல் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவு காட்டினூடே ஓடிச் சாலக்குடி இரயில் நிலையத்தை அடைந்தது. செங்குத்தான சரிவுகளில், இறங்கும் பாரத்தின் எடையே ஏறும் பெட்டிகளை இழுக்குமாறு கம்பிவடங்கள் பூட்டப்பட்டிருந்தன. பரம்பிக்குளத்துத் தேக்குக்கு அன்று கொச்சியே வாசல்.

இத்திசைகள் மாறியதற்கு மாநில எல்லை காரணமன்று. 1924 ஜூலையில், மலையாள ஆண்டால் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ எனப்படும் பெருவெள்ளம், குண்டலை இரயில் பாதையை அழித்தது. அது மீண்டும் இடப்படவில்லை. அதே காலத்தில் பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ கொச்சி முகத்துவாரத்தின் மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்திக்கொண்டிருந்தார். 1928இல் கடற்கப்பல் உள்துறைமுகத்தினுள் நுழைந்தது. 1935இல் பெரியாற்றின் குறுக்கே நேரியமங்கலம் பாலம் திறக்கப்பட, ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்குச் சாலை உறுதிப்பட்டது. பரம்பிக்குளத்தில் டிராம்வே 1963இல் மூடப்பட்டது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் அணைகள் எழுந்த காலமும் அதுவே. மரம் மேற்கே சென்ற காட்டிலிருந்து நீர் கிழக்கே செல்லத் தொடங்கியது.

மொழியியல் பயின்ற பழக்கத்தால் என் கவனம் பெயர்களில் நிற்கிறது. டாப் ஸ்டேஷனில் இன்று ஸ்டேஷன் இல்லை. டாப்சிலிப்பில் மரங்களைச் சரித்துவிடும் சறுக்குப் பாதை இல்லை. தொழில்நுட்பம் மறைந்தபின் அதன் பெயர் மட்டும் ஊர்ப்பெயராக எஞ்சிவிட்டது. இரண்டும் இன்று தமிழ்நாட்டு நிர்வாகத்தின்கீழ் உள்ளன. எனினும் டாப் ஸ்டேஷனுக்கு வருவோரில் பெரும்பாலோர் மூணாற்றிலிருந்தே வருகின்றனர். இப்பெயர்களில் ‘டாப்’ என்பது வெறும் உயரத்தைச் சுட்டும் சொல்லன்று. கீழே ஒரு முனை இருந்தது என்பதற்கான சான்று. டாப் ஸ்டேஷனைப் பொறுத்தவரை அக்கீழ்முனை கொட்டகுடி.

இக்கீழ்முனையை மறப்பதால் நேரும் இழப்பு சிறிதன்று. 1955இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைப் பற்றி அறிக்கையளித்தபோது, அங்கிருந்த தமிழ்ப் பெரும்பான்மையைத் தோட்ட வேலைக்கு வந்துபோகும் மக்களால் நேர்ந்த ஒன்றாகக் கருதியது. பொருளாதாரக் காரணங்களும் சேர, அவ்வட்டங்கள் கேரளத்தில் நிலைத்தன. அத்தீர்ப்பின் சரி தவறு இங்கு என் பொருளன்று. அது கூறப்பட்டபோது மலையின் வாசல் மேற்கே திரும்பி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதையே குறிக்க விரும்புகிறேன். மேற்கு வாசலில் நின்று பார்ப்பவருக்குக் கிழக்கிலிருந்து ஏறியவர் வந்தேறியாகத் தோன்றுவது இயல்பு. தேயிலை இறங்கிய பாதையை அறிந்தவருக்கோ, அவர்கள் அம்மலையின் முன்வாசல் வழியே வந்தவர்கள்.

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு தோட்டத் தொழிலாளர் லயங்களை மூடியது. எழுபது பேர் இறந்தனர். வரையாடு காணப் பயணிகள் திரளும் இராஜமலைப் பகுதியிலேயே அவர்கள் அடக்கம் செய்யப்பட்டனர். இறந்தோர் பலரின் பூர்விகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரம். இரயில் பாதை போய் ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. தேயிலையும் வேறு திசைக்குத் திரும்பிவிட்டது. உறவு மட்டும் பழைய வழியிலேயே சென்று கொண்டிருக்கிறது.

எல்லைப்புற ஊர்களை ஆய்வுக்கு எடுக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஊர் எந்த மாநிலத்தில் உள்ளது என்று கேட்பதற்கு முன், அவ்வூரின் சரக்கு எந்தக் கடலுக்குச் சென்றது என்று கேளுங்கள். கள ஆய்வில் கிடைக்கும் பல சொற்களுக்கு அங்கிருந்து விடை தொடங்கும்.