கடுகும் மட்டையும்: விக்டோரியா காலத்து விளம்பரங்கள்

இங்கிலாந்தின் நார்விச் நகரில் கடுகுத்தூள் செய்து விற்ற கோல்மன் நிறுவனம் 1890களில் ஒரு சுவரொட்டியை வெளியிட்டது. அடர்ந்த தாடியும் கையில் மட்டையுமாக டபிள்யூ. ஜி. கிரேஸ் அதில் காட்சி தருகிறார். கோல்மன் கடுகும் கிரேஸைப் போலவே களத்தில் தலைமை கொண்டது என்பது வாசகத்தின் பொருள். ஆங்கிலத்தில் ‘ஃபீல்டு’ என்னும் சொல் ஆடுகளத்தையும் விளைநிலத்தையும் போட்டியிடுவோர் கூட்டத்தையும் ஒருங்கே குறிக்கும். கடுகு விளைவது நிலத்தில், கிரேஸ் ஆடுவது களத்தில், இருவரும் முந்துவது போட்டியில். காளமேகத்தின் சிலேடைகளில் தோய்ந்த தமிழ்ப் புலவருக்கு இவ்வுத்தி பழகியதே. வாழும் மனிதர் ஒருவரின் புகழை எடுத்துச் சமையலறைச் சரக்கின்மேல் ஒட்டியதே அக்காலத்தின் புதுமை.

இப்புதுமைக்கு வழி திறந்தது வரிக்குறைப்பு. செய்தித்தாள் விளம்பரத்திற்கு விதிக்கப்பட்டிருந்த வரி 1853இல் நீங்கியது. செய்தித்தாள் முத்திரை வரி 1855இலும், காகித வரி 1861இலும் ஒழிந்தன. இதழ்கள் மலிந்தன, விளம்பரப் பக்கங்கள் பெருகின. பியர்ஸ் சோப்பு நிறுவனத்தின் தாமஸ் பாரட், மில்லே என்னும் புகழ்பெற்ற ஓவியர் 1886இல் தீட்டிய சிறுவன் ஓவியத்தில் ஒரு சோப்புக் கட்டியைச் சேர்த்து அச்சிட்டு ஊரெங்கும் பரப்பினார். கலை விலைபோயிற்று என்று அன்றே சிலர் வருந்தினர். நடிகை லில்லி லாங்ட்ரியும் அதே சோப்பிற்குச் சான்றுரைத்தார். ஓவியனும் நடிகையும் போன வழியில்தான் மட்டைவீரரும் சென்றார்.

ஆயினும் கிரிக்கெட் உலகில் விளம்பரம் கிரேஸிடம் தொடங்கவில்லை. அதற்கு ஒரு தலைமுறை முன்பே ஆட்டக்காரர்கள் கடை வைத்திருந்தனர். அந்நாளில் ஆட்டக் கருவிகள் வேகமாக மாறிக்கொண்டிருந்தன. ஒரே மரத்துண்டில் செதுக்கப்பட்ட மட்டைக்குப் பிரம்புக் கைப்பிடி சேர்க்கும் முறையை நாட்டிங்ஹாம்ஷயர் ஆட்டக்காரர் தாமஸ் நிக்சன் 1853 அளவில் கொண்டுவந்தார். பந்தேறிக்கு மாற்றாகக் ‘காட்டபுல்ட்டா’ என்னும் பொறியும், விரல் காக்கும் ரப்பர்க் குழாய்க் கையுறையும் ஃபெலிக்ஸ் என்பவரின் படைப்புகள். அவருடைய இயற்பெயர் நிக்கோலஸ் வானோஸ்ட்ராக்ட். பள்ளித் தலைமையாசிரியர், மட்டை வீசித் திரிகிறார் என்று மாணவரின் பெற்றோர் முகஞ்சுளிப்பரே என்று அஞ்சிப் புனைபெயரில் ஆடினார். புனைபெயரின் பயனைக் கவிஞர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1864 சூன் மாதம் தோளுக்கு மேல் கை உயர்த்திப் பந்து வீசுவதும் விதிப்படி ஒப்புக்கொள்ளப்பட்டது. பந்தின் வேகம் கூடக்கூட, கால்காப்பும் கையுறையும் வாங்காமல் களமிறங்குவது அறிவீனம் என்றாயிற்று. கடைக்காரர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அவர்களுள் முதன்மையானவர் ஜான் விஸ்டன். பிரைட்டனில் 1826இல் பிறந்தவர், உருவில் சிறியவர். 1850இல் லார்ட்ஸ் மைதானத்தில், வடக்கு அணிக்கும் தெற்கு அணிக்கும் நடந்த ஆட்டத்தின் இரண்டாம் பகுதியில் பத்துப் பேரையும் ஒருவர் உதவியுமின்றிக் குச்சி சாய்த்தே வெளியேற்றினார். பந்து வீசும் தோளுக்கு ஆயுள் குறைவு என்பதை அவர் அறிந்திருந்தார். அந்நாளில் கூலிக்கு ஆடியவர்களுள் பலரின் முதுமை வறுமையில் கழிந்தது. 1855இல் ஃபிரெட் லில்லிவைட்டுடன் கூட்டாக லண்டனில் கிரிக்கெட் பொருளும் சுருட்டும் விற்கும் கடையைத் திறந்தார். மூன்றாண்டுகளில் கூட்டு முறிந்தது. 1859இல் வட அமெரிக்கா சென்ற முதல் ஆங்கில அணியில் விஸ்டன் ஆடினார். லில்லிவைட்டும் உடன் சென்றார், அச்சுப்பொறியையும் கூடாரத்தையும் சுமந்துகொண்டு! அச்சுப்பித்துப் பிடித்தவர்கள் எந்நாட்டிலும் ஒரே சாதிதான்.

லில்லிவைட் ஆண்டுதோறும் ஒரு கிரிக்கெட் வழிகாட்டி நூலை வெளியிட்டு வந்தார். அதற்குப் போட்டியாகவே 1864இல் விஸ்டனின் ஆண்டுநூல் பிறந்தது. 112 பக்கம், விலை ஒரு ஷில்லிங். ஆட்டக் கணக்குகள் பக்கங்களை நிரப்பப் போதவில்லை போலும். குதிரைப் பந்தய வெற்றிகள், நாட்டுக் கால்வாய்களின் நீளம், முதலாம் சார்லஸ் மன்னனின் விசாரணை, ரோசாப்பூப் போர்கள் எனக் கிடைத்ததையெல்லாம் சேர்த்துக் கட்டினார். கடைச் சரக்கின் விளம்பரமும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதில் இடம்பெற்றது. ஆண்டுநூலே கடைக்கு விளம்பரம், விளம்பரமே ஆண்டுநூலுக்குத் துணை. பின்னட்டை விளம்பரம் தேடிக் கடைவீதியில் கால்தேய நடந்து மலர் வெளியிட்டவர்கள் இந்த ஏற்பாட்டைக் குறைவாக எண்ணமாட்டார்கள்.

விஸ்டன் மணம் புரியவில்லை. கிரான்போர்ன் தெருவில் தம் கடைக்கு மேலிருந்த வீட்டிலேயே 1884 ஏப்ரலில் புற்றுநோயால் இறந்தார். அவர் அஞ்சிய வறுமை அவரை அணுகவில்லை.

கடை ஓர் ஆட்டக்காரனுக்கு எதைத் தரும் என்பது 1896இல் தெளிவாயிற்று. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஓவல் மைதானத்தில் நடக்கவிருந்த ஆட்டத்திற்குப் பத்துப் பவுனுக்கு மாறாக இருபது பவுன் தரவேண்டும் என்று லோமன், கன், ஏபெல், ரிச்சர்ட்சன், ஹேவர்டு என்னும் ஐந்து கூலி ஆட்டக்காரர்கள் கேட்டனர். கூலி பெறாத ‘கனவான்’ கிரேஸ் செலவுத்தொகை என்ற பெயரில் பெறுவது எவ்வளவு என்ற கேள்வியும் உடன் எழுந்தது. ஊரறிந்த கேள்விதான். 1891-92 ஆஸ்திரேலியப் பயணத்திற்குக் கிரேஸ் பெற்றது மூவாயிரம் பவுன், செலவு நீங்கலாக. 1895இல் ஒரு நாளிதழ் ஷில்லிங் ஷில்லிங்காகத் திரட்டி அவருக்கு அளித்த நிதியோ ஐயாயிரம் பவுனைத் தாண்டியது. இத்தனைக்குப் பின்னும் அவர் கனவான். பத்துப் பவுன் வாங்கிய ரிச்சர்ட்சன் கூலிக்காரர்.

ஐவரில் மூவர் கோரிக்கையை விட்டு ஆடச் சென்றனர். லோமனும் கன்னும் ஆடவில்லை. வில்லியம் கன் 1885இல் நாட்டிங்ஹாமில் மூரோடு சேர்ந்து தொடங்கிய மட்டைத் தொழிலின் பங்காளி. அவருடைய உறுதிக்குப் பின்னால் வில்லோ மரமும் பிரம்பும் அடுக்கிய பட்டறை நின்றது என்று எண்ணுவது பிழையாகாது. தன் பெயரைத் தன் சரக்கிலேயே பொறித்துக்கொண்டவனுக்குச் சங்கத்தாரின் தயவு அவ்வளவாகத் தேவைப்படவில்லை. லோமனுக்கு அத்தகைய பட்டறை இல்லை. பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

அதே 1896இல் மான்செஸ்டரில் இளவரசர் ரஞ்சித்சிங்ஜி தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் ஆட்டமிழக்காமல் 154 ஓட்டம் எடுத்தார். அடுத்துவந்த நாள்களில் மட்டைக்கும் தீக்குச்சிக்கும் தலைமயிர்த் தைலத்திற்கும் ‘ரஞ்சி’ என்று பெயரிட்டு விற்றனர் என்பர். கிழக்கிலிருந்து வந்த பெயருக்கும் ஆங்கிலச் சந்தையில் விலை கிடைத்தது.

விஸ்டனின் ஆண்டுநூல் அதன் ஐம்பதாவது ஆண்டான 1913இல் தன்னைத் தோற்றுவித்தவரையே அவ்வாண்டின் ஒரே வீரராகப் படத்துடன் போற்றியது. கடை இன்றில்லை. லண்டனில் லெஸ்டர் சதுக்கச் சுரங்க ரயில் நிலையத்தின் மேற்சுவரில் குச்சிகளும் பந்தும் கொண்ட சுடுமண் சின்னம் ஒன்று இருக்கிறது, விஸ்டன் நிறுவனம் அங்கிருந்த நாளில் பதித்தது. ஆண்டுநூல் ஒவ்வோர் ஆண்டும் வந்துகொண்டிருக்கிறது.