படுவான்கரையின் புகைக்கு யாரிடம் முறையிடுவது?

2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்று மாசு காரணமாக நாடு முழுவதும் அரச பாடசாலைகள் மூடப்பட்டன. மாண்டஸ் புயல் உருவான அந்த நாட்களில் இந்தியப் பக்கத்திலிருந்து வந்த மாசு அது. கடல் கடந்து வருவதை எந்தப் பிரதேச சபையாலும் நிறுத்த முடியாது. ஆனால் உன்னிச்சையில் நாம் சுவாசிக்கும் புகையில் ஒரு பங்கு உள்ளூரிலேயே உருவாகிறது. எரிக்கும் குப்பை, அரிசி ஆலை உமி, செங்கல் சூளை, கிரவல் ஏற்றிய டிப்பர் கிளப்பும் புழுதி எல்லாம் அதில் அடங்கும்.

காற்றை அளப்பது சபையின் வேலை அல்ல. மத்திய சுற்றாடல் அதிகார சபையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும்தான் அதைச் செய்கின்றன. 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய தூசு 24 மணி நேர சராசரியாக ஒரு கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது 2008இல் திருத்தப்பட்ட இலங்கை நியமம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன அளவு 15. நமது எல்லை மிகவும் தாராளமானது.

அளவுகோல் இல்லாவிட்டாலும் சபைக்கு அதிகாரம் உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், பாதிப்புக் குறைந்த தொழில்களுக்கான சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தை வழங்கும் பொறுப்பு உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கையளிக்கப்பட்டுள்ளது. பெரிய தொழில்களை அதிகார சபையே பார்க்கும். அனுமதிப்பத்திரத்தில் நிபந்தனைகள் இருக்கும். மீறினால் அதை இடைநிறுத்தலாம், இரத்துச் செய்யலாம். குப்பை அகற்றுவதும் சபையின் கடமைதான். ஆகவே குப்பை வண்டி வராத ஊரில் வளவுக்குள் பிளாஸ்டிக் எரிப்பவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கிரவல் அகழ்வு வேறு கதை. அதற்கான அனுமதி புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தினுடையது.

இந்த அதிகாரங்கள் நம் பக்கம் பழக்கத்துக்கு வராமல் போனதற்குக் காரணம் உண்டு. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. மட்டக்களப்பில் 1994க்குப் பின் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது 2008 மார்ச் 10இல்தான். மீண்டும் 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரை உறுப்பினர்கள் இல்லாமல் செயலாளர்களே நடத்தினார்கள். இடம்பெயர்ந்து திரும்பி வந்த சனத்துக்கு, ஆலைப் புகைக்காகச் சபைப் படியேறலாம் என்பதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

உன்னிச்சைக்குரியது மண்முனை மேற்குப் பிரதேச சபை. முறைப்பாட்டைத் தமிழில் எழுதி, புகை வரும் இடம், நாள், நேரம், யாருக்கு இருமல் அல்லது இளைப்பு என்பவற்றைக் குறிப்பிடுங்கள். கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லலாம். பொதுத் தொல்லை என்ற வகையில் பொலிஸார் ஊடாக நீதவான் நீதிமன்றம் போகவும் வழியுண்டு. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவு அதற்கானது.

சபை மௌனமாக இருந்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த ஆலைக்கு அனுமதிப்பத்திரம் உண்டா, எப்போது காலாவதியாகிறது, கடைசியாக யார் வந்து பார்த்தார்கள் என்று கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்று தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.