காப்பீடும் கட்டாயமும்

மழைக்கு முன்னே கூரை வேய்வது அறிவுடைமை. வேயாத ஒருவனை, வேய்ந்தே தீரவேண்டும் என்று அரசு பணிக்கலாமா? எதுவரை பணிக்கலாம்? சுங்கை செம்பிலாங் முதலாகக் கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் வரலாறு இவ்வினாவிற்குத் தெளிவான விடை தருகின்றது.

1907இல் மலாயாவில் தமிழர் குடியேற்ற நிதி சட்டமாயிற்று. தொழிலாளரைக் கொண்டுவரும் கப்பற்செலவிற்காகத் தோட்ட முதலாளிகள் கட்டாயமாகப் பணம் செலுத்தினர். தொழிலாளியின் கூலியைத் தொட்டது 1951ஆம் ஆண்டின் சேமநிதிச் சட்டமே. நூற்றுக்கு 5 அவன் கூலியிலிருந்தும், 5 முதலாளியிடமிருந்தும் பெறப்பட்டன. கைக்கு வரவேண்டிய காசைப் பிடிப்பது முறையோ எனின், அது அவன் பெயரிலேயே நின்று, முதுமையில் அவனுக்கே மீள்வதால் முறையாயிற்று.

ஆயினும் சேமிப்பு வேறு, காப்பீடு வேறு. வேலைக்கு வந்த மறு ஆண்டே கையிழந்தவனுக்குச் சிறு சேமிப்பு எம்மட்டு உதவும்? இக்குறையை நீக்க எழுந்தது, மக்கள் 'சொக்சோ' என வழங்கும் 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டம். வேலையில் நேரும் விபத்துக்குரிய சந்தாவை முதலாளி மட்டுமே செலுத்துவார். உடல் இயலாமைக்குரியதை இருவரும் செலுத்துவர். பொறுப்பு எவருடையதோ சுமையும் அவருடையது என்பதே இதன் அறம்.

அமெரிக்காவில் இவ்வினா வேறு வடிவில் எழுந்தது. மருத்துவக் காப்பீடு வாங்காதவர்க்குத் தண்டப்பணம் விதித்த 2010ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2012இல் ஆராய்ந்தது. வாணிகத்தை ஒழுங்கு செய்யும் அதிகாரத்தைக் கொண்டு, வாங்காதவனை வாங்கச் செய்தல் ஆகாது. தண்டப்பணத்தை வரியாகக் கொள்ளலாம் என்று அது தீர்ப்பளித்தது. அங்கே வாங்கச் சொன்னவற்றுள் தனியார் நிறுவனங்களின் காப்பீடும் அடங்கும். மலேசியாவிலோ பணம் செல்வது பொது நிதிக்கு.

மலேசியச் சட்டத்திற்கும் எல்லை உண்டு. தொடக்கத்தில் 5 பேருக்குக் குறையாது வேலை செய்த இடங்களையே சொக்சோ தழுவியது. 1992 முதல் ஒருவரே வேலை செய்யும் இடத்தையும் தழுவிற்று. 2017ஆம் ஆண்டுச் சட்டம் டாக்சி ஓட்டுநர் முதலான சுயதொழிலாளரைச் சேர்த்தது. இல்லத்தரசியர்க்கான 2022ஆம் ஆண்டுத் திட்டமோ விருப்பத்தைப் பொறுத்தது. ஆண்டுச் சந்தா 120 வெள்ளி. கூலியே இல்லாதவிடத்துப் பிடித்தம் ஏது?

செக்ரோலில் பெயர் உள்ளவரைச் சட்டம் தானே தேடி வந்தது. தோட்டம் விட்டு வெளியேறி, எந்தப் பேரேட்டிலும் பெயரின்றி வீட்டில் உழைக்கும் தாய்மாரை அது தேடி வாராது. கட்டாயம் முடியும் அவ்விடத்தில், எடுத்துச்சொல்லும் கடமை கற்றவர்க்கு உரியதாகின்றது.