முறையும் தனிநடையும்

மன்னார் நாட்டுக்கூத்தை யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு என இருவகையாகப் பகுப்பர். அடம்பன் அமைந்துள்ள மாதோட்டப் பகுதி தன் பெயராலேயே ஒரு பாங்கினைப் பெற்றமை சிறிய பேறன்று. அண்ணாவிமாரிடம் தலைமுறை தலைமுறையாக முறைப்படி பயின்றதன் பயன் அது.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். மன்னார்க் கூத்துக்களாகிய ‘என்றீக்கு எம்பரதோர்’, ‘மூவிராசாக்கள்’ என்பனவற்றை அச்சேற்றிய அவர், 1962 இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ என்னும் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தினை மேடையேற்றினார். விடியவிடிய ஆடும் கூத்தை அவர் சுருக்கினார். ஆயினும் ஆட்டம் பழக்க அண்ணாவியாரையே நாடினார். அன்று ஆடிய மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு, பின்னாளில் ‘சங்காரம்’ நாடகத்தில் அதே தாளக்கட்டினையும் ஆட்டத்தையும் கொண்டு சமுதாயக் கொடுமைகளைச் சாடினார். கருத்தும் நடையும் புதியன. கால்கள் அறிந்ததோ பழைய முறை.

கடல் கடந்த கலைக்கும் இதுவே நியதி. 1970களில் நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதி இளைஞர் வளர்த்த பிரேக் நடனத்தில், அடிப்படை அசைவுகளை யாவரும் கற்றல் வேண்டும். பிறர் படைத்ததை அப்படியே ஆடுதலோ இழுக்கு.

களரி தேடும் நம் இளைஞர் இதனை மனங்கொள்வாராக. முறையறியாதவன் எதனைப் புதுக்குவான்?