குன்னூர்ப் புறாக்கள் சொன்ன செய்தி

கோவைப் பகுதி வாசகர்களில் பலர் ஒருமுறையேனும் மேட்டுப்பாளையத்தில் மலை இரயில் ஏறிக் குன்னூர் வரை சென்றிருப்பீர்கள். 1899ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய அந்த இரயில், பற்சக்கரத்தின் துணையால் மெல்ல மெல்ல மேலேறும். குன்னூரில் இறங்கியதும் சிம்ஸ் பூங்காவுக்கு வழி கேட்போம். பூங்காவின் எதிரே நிற்கும் பாஸ்டர் நிலையத்தைத் திரும்பிப் பார்ப்பவர்கள் சிலரே. வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிப்பதற்காக 1907இல் தொடங்கப்பெற்ற நிலையம் அது. 1868 வரை நீலகிரி கோவை மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆகவே குன்னூரை நம் வீட்டு மாடி என்று சொன்னாலும் தவறில்லை.

அந்த நிலையத்தில் நூறாண்டுகளுக்கு முன் சில புறாக்கள் தம் உயிரைக் கொடுத்து ஒரு செய்தியைச் சொல்லின. உடல் நெருக்கடிக்கு உள்ளாகும்போது, நோயைத் தடுக்கும் அதன் ஆற்றல் என்ன ஆகிறது என்பதே அச்செய்தி. அதைக் கண்ணால் கண்டவர் அளந்து எழுதியும் வைத்தார். ஆனால் அதன் முழுப்பொருள் விளங்க இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஏன் என்று பார்ப்போமா?

மருத்துவரும் புறாக்களும்

இராபர்ட் மெக்கரிசன் அயர்லாந்தில் 1878இல் பிறந்தவர். இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, வடமேற்கு எல்லையில் கில்கிட் பகுதியில் கழுத்துக்கழலை நோயை ஆராய்ந்தவர். முதல் உலகப்போர்ப் பணி முடிந்து 1918இல் குன்னூருக்கு வந்து, பெரிபெரி என்னும் நோயை ஆராயத் தொடங்கினார். கால்கள் வீங்கி, நரம்புகள் தளர்ந்து, இறுதியில் இதயம் சோர்ந்துவிடும் நோய் அது. ஆலையில் நன்கு தீட்டிய அரிசியையே நம்பி வாழ்பவர்களிடம் அது மிகுதியாகக் காணப்பட்டது. கம்பும் சோளமும் ராகியும் அன்றாட உணவாக இருந்த கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் நெல்லுச்சோறு பண்டிகை நாளுக்கு உரியதாகவே நெடுங்காலம் இருந்தது. அந்த ‘ஏழை உணவு’ எத்தகைய காப்பு என்பதை அன்று யார் அறிந்தார்கள்?

மெக்கரிசன் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியை, அதிலும் மிகுந்த வெப்பத்தில் நீராவியால் அவித்த அரிசியைக் கொடுத்தார். அதில் வைட்டமின் என்று சொல்லத்தக்க எதுவும் எஞ்சியிராது. புறாக்கள் மெலிந்தன; கழுத்து முறுக்கிக்கொண்டது; இறந்தன. இதுவரை பிறரும் கண்டதுதான். மெக்கரிசன் ஒருபடி மேலே சென்றார். இறந்த பறவைகளின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட்டு, நல்ல உணவுண்ட புறாக்களின் உறுப்புகளோடு ஒப்பிட்டார்.

முடிவு வியப்பளித்தது. உடல் மெலிந்ததால் எல்லா உறுப்புகளும் ஒரே அளவில் சுருங்கியிருக்க வேண்டும் அன்றோ? அப்படி நிகழவில்லை. எல்லாவற்றையும்விட மிகுதியாகச் சுருங்கியிருந்தது தைமஸ் சுரப்பி. நமக்கு மார்பெலும்பின் பின்னே அமைந்திருப்பது. பறவைகளுக்குக் கழுத்தின் இருபுறமும் நீண்டிருப்பது. அடுத்து விதைப்பைகள், அதற்கடுத்து மண்ணீரல். மூளையோ ஏறத்தாழ மாறாமல் இருந்தது. ஆனால் சிறுநீரகங்களின் அருகே அமைந்த அட்ரினல் சுரப்பிகள் மட்டும் சுருங்குவதற்கு மாறாகப் பருத்திருந்தன! வீடே பட்டினி கிடக்க ஒருவர் மட்டும் கொழுத்திருந்ததைப் போன்ற காட்சி அது.

இன்னும் இரண்டு செய்திகளையும் அவர் குறித்தார். இப்பறவைகளின் இரத்தத்திலும் திசுக்களிலும் நோய்க்கிருமிகள் எளிதில் புகுந்து பெருகின என்பது ஒன்று. தீட்டிய அரிசி கொடுக்காமல் வெறும் பட்டினி போட்ட பறவைகளிலும் இதே போன்று அட்ரினல் பருத்து, பிற உறுப்புகள் சுருங்கின என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதனிடம் வருவோம்.

இம்முடிவுகள் 1919இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளியாயின. 1921இல் நூலாகவும் வந்தன. பின்னர் மெக்கரிசன் கோவை வேளாண்மைக் கல்லூரியின் வேதியியலறிஞர் விசுவநாத்துடன் சேர்ந்து, எருவுக்கும் தானியத்தின் சத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1926இல் கட்டுரை வெளியிட்டார். குன்னூரில் அவர் வளர்த்த ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

பதினேழு ஆண்டுகளுக்குப் பின்

இப்போது கடல் கடந்து கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகருக்குச் செல்வோம். அங்கு மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் செல்யே என்ற இளைஞர் புதிய ஹார்மோன் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். சூலகச் சாற்றை எலிகளுக்கு ஊசி மூலம் செலுத்தினார். எலிகளை அறுத்துப் பார்த்தபோது மூன்று மாற்றங்கள் தெரிந்தன. அட்ரினல் சுரப்பிகள் பருத்திருந்தன. தைமஸும் நிணநீர்க் கணுக்களும் சுருங்கியிருந்தன. இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் புண்கள் இருந்தன. புதிய ஹார்மோன் கிடைத்துவிட்டது என்று அவர் மகிழ்ந்தார்.

அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வேறு உறுப்புகளின் சாற்றைச் செலுத்தினாலும் அதே மூன்று மாற்றங்கள். பிணங்களைப் பதப்படுத்தும் பார்மலினைச் செலுத்தினாலும் அவையே. எலிகளைக் குளிரில் விட்டாலும், காயப்படுத்தினாலும், களைக்கக் களைக்க ஓடவிட்டாலும் அவையே! வேறொருவராயின் ஆய்வு வீணாயிற்று என்று தூக்கி எறிந்திருப்பார். செல்யே தம் கேள்வியை மாற்றிக்கொண்டார். ‘எந்தப் பொருள் இதைச் செய்கிறது?’ என்பதை விட்டுவிட்டு, ‘எந்தத் துன்பம் வந்தாலும் உடல் ஏன் ஒரே விதமாக விடையளிக்கிறது?’ என்று கேட்டார். 1936 ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் வெளியான அவருடைய சிறு குறிப்பிலிருந்துதான் இன்று நாம் ‘ஸ்டிரெஸ்’ என்று வழங்கும் கருத்து வளர்ந்தது.

இப்போது குன்னூர்ப் புறாக்களை எண்ணிப் பாருங்கள். பருத்த அட்ரினல், சுருங்கிய தைமஸ். செல்யேயின் எலிகளில் கண்ட மூன்றில் இரண்டு அடையாளங்கள் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே நம் மலையில் எடைபோட்டுப் பதிவாகியிருந்தன. வைட்டமின் குறைந்த பறவைக்கும் வெறும் பட்டினிப் பறவைக்கும் ஒரே மாற்றம் நிகழ்ந்தது என்றால், அதற்குக் காரணம் வைட்டமின் குறைவு மட்டுமாக இருக்க முடியாது. உயிர் பட்ட நெருக்கடியும் அதில் பங்கு கொண்டிருக்க வேண்டும். ஆனால் மெக்கரிசன் தேடியது உணவுக் குறைவின் விளைவை. அதை அவர் கண்டார். அதற்குரிய பெருமை அவருக்கு உண்டு. தேடாத ஒன்று கண்முன் இருந்தும் பொருள் விளங்காமல் போயிற்று.

அவரைக் குறை சொல்வது நியாயமாகாது. அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின் என்னும் ஒரு பொருள் வருவதையே அன்று அறிந்திருந்தனர். அதன் புறணிப் பகுதியில் சுரக்கும் கார்ட்டிசால் போன்றவை 1930களில்தான் பிரித்தெடுக்கப்பட்டன. தைமஸின் பணி என்ன என்பதோ யாருக்குமே தெரியாது. இந்த அறியாமை பின்னர் ஒரு பெருந்தவறுக்கே வழிவகுத்தது.

ஏழை உடல் காட்டிய பொய்க்கணக்கு

மருத்துவக் கல்லூரிகளில் அறுத்துப் பார்க்கக் கிடைத்த உடல்கள் பெரும்பாலும் யாருடையவை? பட்டினியாலும் நெடுநோயாலும் இறந்த, அடக்கம் செய்யவும் ஆளில்லாத ஏழைகளுடையவை. அவர்களின் தைமஸ் வாழ்நாள் முழுதும் பட்ட துன்பத்தால் சுருங்கியிருந்தது. மேல்நாட்டு மருத்துவர்கள் அந்தச் சுருங்கிய அளவையே இயல்பான அளவு என்று கொண்டனர். திடீரென இறந்த நல்ல ஊட்டமுள்ள குழந்தையின் உடலில் முழு அளவுத் தைமஸைக் கண்டபோது, ‘இது வீங்கியிருக்கிறது, மூச்சுக்குழலை நெரித்துக் கொன்றுவிட்டது’ என்று முடிவு கட்டினர். 1889இல் அதற்கு ஒரு நோய்ப்பெயரும் சூட்டப்பட்டது. பிறகு அந்த ‘வீக்கத்தை’ச் சுருக்குவதற்காக ஆயிரக்கணக்கான நலமுள்ள குழந்தைகளின் கழுத்திலும் மார்பிலும் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினர். அவர்களில் பலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்று வந்தது. இத்தொடர்பு 1950இல் வெளிப்படலாயிற்று.

வறுமை மனித உடலை எவ்வளவு மாற்றிவிடும் என்பதை உணராததால் வந்த வினை இது.

தைமஸின் உண்மைப் பணியை 1961இல் இலண்டனில் ழாக் மில்லர் வெளிப்படுத்தினார். பிறந்த உடனே தைமஸ் அகற்றப்பட்ட சுண்டெலிகளிடம் வெள்ளையணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகள் மிகக் குறைந்திருந்தன. அயல் தோலை ஒட்டினாலும் அவற்றின் உடல் அதைத் தள்ளவில்லை. நோய் தொற்றி எளிதில் மடிந்தன. கிருமிகளை இனங்கண்டு போரிடும் ‘டி’ அணுக்களின் பயிற்சிக்கூடமே தைமஸ் என்பது அப்போது விளங்கிற்று. குன்னூர்ப் புறாக்களின் திசுக்களில் கிருமிகள் புகுந்த கதைக்கும் அப்போதுதான் பொருள் கிடைத்தது.

உள்ளே நடப்பது என்ன?

கோவை வாசகர்களுக்கு மின்வெட்டைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. நூற்பாலையில் மின்சாரம் நின்றுவிட்டால் ஜெனரேட்டரைப் போடுவார்கள். அப்போது இன்றியமையாத எந்திரங்கள் மட்டுமே ஓடும், மற்றவை காத்திருக்கும். உடலும் இத்தகைய ஏற்பாட்டையே செய்கிறது.

ஆபத்து என்று மூளை உணர்ந்ததும் நரம்புகள் வழியாக அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைகிறது, மூச்சு வாங்குகிறது. சற்று நேரத்தில் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது அட்ரினலின் புறணியைத் தூண்டுகிறது. கார்ட்டிசால் இரத்தத்தில் கலக்கிறது. சேமித்த சத்தை அது சர்க்கரையாக மாற்றித் தருகிறது. அவசரமில்லாத பணிகளைத் தள்ளிவைக்கிறது. வளர்ச்சி, இனப்பெருக்கம் ஆகியவற்றோடு நோய்த்தடுப்புப் பணியின் ஒரு பகுதியும் அதில் அடங்கும். மிகுதியான கார்ட்டிசால் தைமஸில் வளரும் இளம் லிம்போசைட்டுகளை அழித்துவிடுகிறது. தைமஸ் சுருங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அப்படியானால் கார்ட்டிசால் நமக்குப் பகையா? அல்லவே அல்ல. அது இல்லாமல் உயிர் வாழ முடியாது. கட்டுமீறிய அழற்சியை அடக்குவதும் அதுதான். 1948இல் மூட்டுவாத நோயாளிக்கு இவ்வகைப் பொருளான கார்ட்டிசோனைக் கொடுத்தபோது, படுத்த படுக்கையாகக் கிடந்தவர் எழுந்து நடந்தார். அந்த ஆராய்ச்சிக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. சிறிது நேரமே நீடிக்கும் பரபரப்பு நோய்த்தடுப்பு அணுக்களைச் சுறுசுறுப்பாக்குவதும் உண்டு. ஜெனரேட்டர் சில மணி நேரம் ஓடினால் ஆலை பிழைக்கும். மாதக்கணக்கில் அதையே நம்பினால்தான் ஆலை நலியும்.

கவலையும் கணக்கில் சேர்ந்தது

பட்டினியும் குளிரும் காயமும் செய்வதை வெறும் கவலை செய்யுமா? இதையும் அளந்து பார்த்திருக்கிறார்கள். 1991இல் வெளியான ஓர் ஆய்வில் நலமுள்ள 394 பேர் தாமே முன்வந்து, சளி உண்டாக்கும் வைரஸ் கலந்த துளிகளை மூக்கில் விட்டுக்கொண்டனர். வாழ்க்கை நெருக்கடி மிகக் குறைந்தவர்களில் 27 விழுக்காட்டினருக்குச் சளி பிடித்தது. மிக மிகுந்தவர்களில் 47 விழுக்காட்டினருக்குப் பிடித்தது. 1995இல் வெளியான மற்றோர் ஆய்வில், மறதி நோயுற்ற உறவினரை ஆண்டுக்கணக்கில் பராமரித்துவந்த 13 பெண்களுக்கும், அச்சுமை இல்லாத 13 பெண்களுக்கும் தோலில் ஒரே அளவிலான சிறு காயம் உண்டாக்கினர். சுமை தாங்கிய பெண்களுக்குக் காயம் ஆற ஏறக்குறைய ஒன்பது நாட்கள் கூடுதலாயின.

நம் ஊரில் ‘ஒரே டென்ஷனுங்க’ என்று சொல்லாதவர் இல்லை. கேட்பவரும் ‘மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க’ என்று அறிவுரை கூறி அனுப்பிவிடுகிறார். மன அழுத்தம் என்னும் சொல்லே அது மனத்தோடு முடிந்துவிடும் என்று எண்ண வைக்கிறது. ஆனால் இந்த வரலாறு தொடங்கியதோ அரிசி தின்ற புறாவிடம். பசி, தூக்கமின்மை, ஓயாத உழைப்பு, நாளையைப் பற்றிய அச்சம் ஆகிய எல்லாம் உடலுக்குள் ஒரே வாயிலின் வழியாகவும் நுழைகின்றன. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தில், கோவைப் பகுதியிலும் பசியோடு காலராவும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டே மக்களைக் கொன்றன. இரண்டும் தனித்தனியே வந்த விருந்தாளிகள் அல்ல.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. நோய் வந்தவரிடம் ‘நீங்கள் கவலைப்பட்டதால்தான் வந்தது’ என்று சொல்வது அறிவியலாகாது. கிருமி உண்மை, ஊட்டக்குறைவு உண்மை, தடுப்பூசியும் மருந்தும் இன்றியமையாதவை. நெருக்கடி, கதவின் தாழ்ப்பாளைத் தளர்த்துகிறது. உள்ளே வருவது வேறொன்று.

ஆகவே இரவுமுறை வேலை முடிந்து பகலில் தூங்க இடமில்லாத ஆலைத் தொழிலாளியிடமும், நோயாளி மாமியாரைத் தனியொருத்தியாகக் கவனிக்கும் மருமகளிடமும் மனத்தைத் தளரவிடாதீர்கள் என்று சொல்வதோடு நம் கடமை முடியாது. ஒருவருக்கு ஓய்வுக்கு இடமும், மற்றவருக்கு மாற்றுக் கையும், இருவருக்கும் வயிறார நல்ல உணவும் கிடைப்பது அவர்களுடைய நோய்த்தடுப்பாற்றலையும் பேணுவதாகும்.

அடுத்தமுறை குன்னூருக்குச் சென்றால், பூங்காவுக்குள் நுழையும் முன் எதிர்ப்புறம் ஒரு கணம் திரும்பிப் பாருங்கள்.