விலாக்கூட்டுக்குள் ஒரு மழை

1

2019 ஜூன் மாதம் நான் ஒரு ஷவர் பேனல் வரைந்துகொண்டிருந்தேன். தலைக்கு மேலே அகலமான மழை ஷவர், கையில் எடுத்துப் பிடிக்க ஒரு ஹேண்ட் ஷவர், தோளிலிருந்து முழங்கால் வரை மூன்று வரிசையில் ஆறு பாடி ஜெட். எல்லாம் ஒரே ஸ்டீல் பலகையில். குளியலறைச் சாமான்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு அது இரண்டாவது வருடம். முழுசாக என் பொறுப்பில் வந்த முதல் டிசைன்.

சென்னை அந்த மாதம் எப்படி இருந்தது என்று நினைவிருக்கும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வற்றிக் கிடந்தன. அடுத்த மாதம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவுக்கு லாரி. வீட்டுக்கு எட்டுக் குடம்.

பேனலுக்கு மொத்தம் எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று கணக்குப் போட்டேன். மழை ஷவருக்கு நிமிடத்துக்கு 12 லிட்டர், ஜெட் ஒன்றுக்கு 4. ஹேண்ட் ஷவரை விட்டுவிட்டாலும் 36 லிட்டர். ஒரு பிளாஸ்டிக் குடம் சுமார் 15 லிட்டர் பிடிக்கும். அதாவது 25 நொடிக்கு ஒரு குடம். எங்கள் வீட்டின் ஒரு நாள் தண்ணீர் மூன்றரை நிமிடம்கூடத் தாங்காது.

பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இதுல யாருடா குளிப்பா?"

"காசு இருக்கறவங்கம்மா."

"காசு இருந்தா போதுமா, தண்ணி இருக்கணுமேடா."

மறுநாள் மேனேஜரிடம் ஒரு யோசனை சொன்னேன். ஒரு டைவர்ட்டர் வைத்துவிடலாம். மேலே ஓடினால் ஜெட் ஓடாது, ஜெட் ஓடினால் மேலே ஓடாது. அவர் கோபப்படவில்லை. "தம்பி, எல்லாம் சேர்ந்து அடிக்கறதுதான் இந்தப் பொருளே. ஒண்ணொண்ணா வந்தா எதுக்கு வாங்கணும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு ஒரு கேள்வி ஒட்டிக்கொண்டது. ஒரு மனிதன் மேல் எல்லாப் பக்கமிருந்தும் தண்ணீர் அடிக்க வேண்டும் என்று முதலில் நினைத்தது யார்? அவனுக்கு அப்படி என்ன தேவை?

2

தலைக்கு மேலிருந்து தண்ணீர் விழுவது புதிதல்ல. பண்டைக் கிரேக்க ஜாடி ஓவியங்களில் மிருக முகம் வைத்த குழாய்வாய்களுக்குக் கீழே நின்று குளிக்கிறார்கள். எந்திரமாக ஷவர் வருவது பிறகு. 1767இல் லண்டனில் அடுப்பு செய்பவரான வில்லியம் ஃபீத்தம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். கையால் பம்பு அடித்து மேலே தொட்டியில் தண்ணீர் ஏற்ற வேண்டும். சங்கிலியை இழுத்தால் மொத்தமும் தலையில் கொட்டும். பச்சைத் தண்ணீர்தான்.

1810 வாக்கில் இங்கிலாந்தில் இதன் பணக்கார வடிவம் வந்தது. உலோகக் குழாய்களுக்கு மூங்கில்போலக் கணு வைத்து வர்ணம் பூசினார்கள். மேலிருந்து விழும் தண்ணீர் கீழே தொட்டியில் சேரும். அதையே மறுபடி மேலே ஏற்றிக் குளிக்க வேண்டும். உடம்பு சுத்தமாக ஆக, தண்ணீர் அழுக்காகிக்கொண்டே போகும்.

இதுவரைக்கும் தண்ணீர் ஒரு இடத்திலிருந்துதான் வருகிறது. அது பலவாகப் பிரிந்தது குளியலறையில் அல்ல, சிகிச்சைக் கூடத்தில்.

ஆஸ்திரியப் பேரரசில் (இன்று செக் குடியரசு) கிராஃபென்பெர்க் என்ற மலைக் கிராமத்தில் வின்சென்ஸ் பிரீஸ்னிட்ஸ் என்ற விவசாயி குளிர்ந்த தண்ணீரை வைத்தே நோய் தீர்க்கலாம் என்று 1820களில் வைத்தியம் ஆரம்பித்தார். மலையிலிருந்து இறங்கும் தண்ணீரை உயரத்திலிருந்து நோயாளி மேல் விழ வைப்பது அதில் ஒரு முறை. ஐரோப்பா முழுக்க ஆட்கள் வந்தார்கள். அடுத்து மருத்துவர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். தண்ணீர் எந்த உறுப்பின் மேல், எந்தச் சூட்டில், எவ்வளவு வேகத்தில், எத்தனை நொடி விழ வேண்டும் என்று மருந்துச் சீட்டுப்போல எழுத ஆரம்பித்தார்கள். அதற்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் ஊசிக் குளியல்.

நான்கைந்து செங்குத்துக் குழாய்கள். அவற்றை இணைத்து உடம்பைச் சுற்றி வளைந்து வரும் கிடைக்குழாய்கள். அவற்றின் உள்பக்கம் முழுக்க ஊசித் துளைகள். உள்ளே நின்றால் யாரோ ஒரு ராட்சசனின் விலாக்கூட்டுக்குள் நிற்பதுபோல இருக்கும். 'விலாக்கூட்டு ஷவர்' என்றே ஒரு பெயரும் உண்டு.

தொழில்காரனாக அந்தப் படங்களைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்தது. துளை போடுவது எளிது. எல்லாத் துளையிலும் தண்ணீர் ஒரே மாதிரி வரவைப்பதுதான் பாடு. துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் வாய்ப்பரப்பை மீறினால் முதல் துளைகள் பீய்ச்சும், கடைசித் துளைகள் வடியும். என் முதல் மாதிரியில் ஆறாவது ஜெட் அழுதது. குழாயை ஒரு பக்கம் முடித்துவிடாமல் வளையமாகச் சுற்றிவிட்டபின்தான் தண்ணீர் இரண்டு பக்கமிருந்தும் வந்து சரியானது. அந்த விலாக்கூட்டிலும் ஒவ்வொரு விலாவுக்கும் இரண்டு முனையிலும் குழாய் இருக்கிறது. நான் ஒரு வாரம் முட்டிமோதிக் கண்டுபிடித்ததை அவர்கள் நூறு வருடம் முன்னாலேயே போட்டு வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிகிச்சைக் கூடத்து ஊசிக் குளியலில் கைப்பிடி குளிப்பவரிடம் இல்லை. சற்றுத் தள்ளி ஒரு மேசை. அதில் வெப்பமானி, அழுத்தமானி, திருகுகள். அங்கே உதவியாளர் நிற்பார். நோயாளியின் வேலை நிற்பது மட்டும்.

3

கைப்பிடி இன்னொருவர் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் சிறைதான் சாட்சி. சவுக்கடிக்குப் பதிலாக அங்கே ஷவரைத் தண்டனையாக வைத்திருந்தார்கள். கைதியைக் கட்டிவைத்துக் குளிர்ந்த தண்ணீரைத் தலையில் இறக்குவார்கள். 1858 டிசம்பரில் ஒரு கறுப்பினக் கைதி அப்படியே செத்துப்போனார். ஹார்ப்பர்ஸ் வீக்லி அதைப் படத்தோடு வெளியிட்டது. வைத்தியத்துக்கும் வதைக்கும் கருவி கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இதே மாநிலத்தில் முப்பது வருடம் கழித்து சைமன் பரூக் என்ற மருத்துவர் வருகிறார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஆள். நீர் சிகிச்சையில் அமெரிக்காவின் பெரிய பெயர். ஆனால் அவரை உறுத்தியது நியூயார்க்கின் குடியிருப்புகள். ஒரே கட்டடத்தில் பல குடும்பங்கள், குளிக்க இடமே இல்லை. அவர் பொதுக் குளியலறைகளுக்காகப் போராடினார். தொட்டி வேண்டாம், மழைக் குளியல் போதும் என்றார்: ஆளுக்கு ஒரு தடுப்பு, ஒரே ஒரு ஷவர். தொட்டியைவிடக் குறைந்த தண்ணீர், குறைந்த நேரம், ஒருவர் அழுக்கு இன்னொருவருக்குப் போகாது. 1895இல் 50,000 பேருக்கு மேல் வாழும் நகரங்கள் இலவசக் குளியலறை கட்ட வேண்டும் என்று மாநிலம் சட்டம் போட்டது. 1901இல் ரிவிங்டன் தெருவில் நியூயார்க்கின் முதல் நகராட்சிக் குளியலறை திறந்தது.

ஒரே மருத்துவரின் உலகத்தில் இரண்டு ஷவர்கள். நரம்புத் தளர்ச்சிக்காரருக்கு நூற்றுக்கணக்கான துளை, தொழிலாளிக்கு ஒரு வாய். பரூக்கை நான் குறை சொல்லவில்லை. ஒரு வாயாவது கிடைக்கட்டும் என்று நின்றவர் அவர். நூற்றுக்கணக்கான துளைக்காக யாரும் போராட வேண்டியிருக்கவில்லை. அது கடையில் கிடைத்தது.

நியூயார்க்கின் ஜே. எல். மாட் நிறுவனம் 1880களிலேயே ஊசிக் குளியலைத் தன் விலைப்பட்டியலில் போட்டுவிட்டது. நோய் இல்லாதவர்களும் வாங்கினார்கள். இதன் உச்சம் ஒரிகன் மாநிலத்து போர்ட்லாந்தில் இருக்கிறது. 1853இல் கையில் காசில்லாமல் மேற்கே வந்த ஹென்றி பிட்டாக், ஒரிகோனியன் பத்திரிகையின் முதலாளியாகிக் குன்றின்மேல் மாளிகை கட்டினார். 1914இல் வேலை முடிந்தபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிக் காலம் ஆகியிருந்தது. அவருடைய ஷவர் இன்றும் அருங்காட்சியகமாக அங்கே இருக்கிறது. உடம்பைச் சுற்றி விலாக்குழாய்கள், கல்லீரலுக்கென்று தனியாக ஒரு பீச்சல், கால் மட்டத்தில் ஒரு சின்னக் குழாய். அந்தச் சின்னக் குழாய், தண்ணீரின் சூட்டைக் கால் விரலால் தொட்டுப் பார்க்க.

அந்தக் கால்விரல் குழாய்தான் என்னைக் கவர்ந்தது. கல்லீரல் பீச்சல் மருத்துவர் விட்டுப்போன மிச்சம். கால்விரல் குழாய் மருத்துவர் போய்விட்டார் என்பதற்கு அடையாளம். உதவியாளர் இல்லை, வெப்பமானி மேசை இல்லை. குளிப்பவரே பார்த்து, குளிப்பவரே திருகுகிறார்.

ஹென்றியும் மனைவி ஜார்ஜியானாவும் அந்த வீட்டில் நாலைந்து வருடம்தான் இருந்தார்கள். 1918இல் ஜார்ஜியானா, 1919இல் ஹென்றி.

4

கைப்பிடி சொந்தக் கைக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா? லிண்டன் ஜான்சன் கதை அதற்குப் பதில்.

1963 நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டு ஜான்சன் வெள்ளை மாளிகைக்கு வந்தார். வந்ததும் ஷவர் சரியில்லை என்று ஆரம்பித்தார். வாஷிங்டனில் அவருடைய பழைய வீட்டில் பல பக்கமிருந்தும் அடிக்கும் ஷவர் இருந்தது. அதேபோல, அதைவிட வேகமாக வேண்டும். தீயணைப்புக் குழாய்போல அடிக்க வேண்டும். சில முனைகள் கீழிருந்து மேலாக அந்தரங்க உறுப்புகளைப் பார்த்து இருக்க வேண்டும். வெள்ளை மாளிகையின் பிளம்பர் ரெட்ஸ் ஆரிங்டனும் அவர் ஆட்களும் அந்த வீட்டுக்கே போய்ப் பார்த்துவந்தார்கள். தனி பம்பு வைத்தார்கள், புதுப்புது முனைகள் செய்தார்கள். ஒரு ஊழியர் நீச்சல் உடையோடு உள்ளே நின்று சோதித்துப் பார்த்தார். ஜான்சனுக்குத் திருப்தி வரவில்லை. ஆட்சிக்காலம் முழுக்க, சுமார் ஐந்து வருடம், இந்த வேலை நடந்தது. நடுவில் ஆரிங்டன் மனம் உடைந்து மருத்துவமனையில் படுத்தார். கேட் ஆண்டர்சன் பிரவர் 2015இல் எழுதிய 'தி ரெசிடென்ஸ்' புத்தகத்தில் இது விரிவாக இருக்கிறது.

1969 ஜனவரியில் நிக்சன் வந்தார். ஷவரைப் பார்த்தார். எடுத்துவிடச் சொன்னார்.

இதைப் படித்தபோது நான் சிரித்தேன். ஆரிங்டன் மருத்துவமனைக்குப் போன இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. 'இன்னும் கொஞ்சம் ஃபோர்ஸா' என்ற ஒற்றை வாக்கியம் ஒரு தொழிலாளியை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். போதும் என்பதற்கு அளவு இல்லாத இடத்தில் டிசைன் முடியவே முடியாது.

5

அளவு வைக்க ஒரு முயற்சி 1992இல் நடந்தது. அமெரிக்க எரிசக்திச் சட்டம் ஒரு ஷவரின் ஓட்டத்துக்கு உச்சவரம்பு வைத்தது: நிமிடத்துக்கு 2.5 காலன், நம் கணக்கில் சுமார் 9.5 லிட்டர். தண்ணீர் மட்டுமல்ல, அதைச் சுடவைக்கும் சக்தியும் மிச்சமாகும் என்பது காரணம்.

அப்புறம்தான் வேடிக்கை. சட்டம் 'ஒரு ஷவர்' என்கிறது. ஒரு ஷவர் என்றால் எத்தனை? ஒரே குழாயில் எட்டு முனை வைத்தால் அது ஒரு ஷவரா, எட்டா? எட்டு என்றால் 20 காலன் வரை போகலாம். 2010-11இல் எரிசக்தித் துறை சொன்னது: சேர்த்து விற்கும் முனைகள் எல்லாம் சேர்ந்து ஒன்றுதான். 2020 டிசம்பரில் டிரம்ப் அரசு மாற்றியது: ஒவ்வொரு முனையும் தனித்தனி. தலைமுடியைச் சரியாக அலச முடியவில்லை என்று அதிபரே அந்த வருடம் வெளிப்படையாகப் புலம்பியிருந்தார். 2021 டிசம்பரில் பைடன் அரசு திருப்பிப் போட்டது. 2025 ஏப்ரலில் டிரம்ப் மறுபடி ஆணையிட்டார். ஷவர் என்றால் என்ன என்று விளக்கும் விதி 13,000 சொற்கள் நீளம் என்று அந்த ஆணை குறைப்பட்டுக்கொண்டது.

ஒரு சொல்லுக்கு இத்தனை சண்டையா என்று தோன்றலாம். ஆனால் சண்டை சொல்லுக்கு இல்லை. கைப்பிடியில் ஒரு கை எப்போதும் குளிப்பவருடையது. இன்னொரு கை யாருடையது என்பதுதான் வழக்கு. மருத்துவர், சிறை அதிகாரி, நகராட்சி, அரசு என்று அந்த இரண்டாவது கை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சென்னையில் அது லாரிக்காரர் கை.

முனைகள் கூடினால் தண்ணீரும் கூடித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பக்மின்ஸ்டர் ஃபுல்லர் தன் கடற்படை நாட்களில், காற்றோடு அடிக்கும் மூடுபனி முகத்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிடுவதைக் கவனித்தார். தண்ணீரை மூடுபனியாக்கிப் பீய்ச்சும் ஒரு துப்பாக்கியை யோசித்தார். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு குளியல். அது கடைக்கு வரவே இல்லை. குளிப்பது என்றால் நம்மில் பலருக்கு அழுக்குப் போவது மட்டும் இல்லையே. மேலே கனமாக எதாவது விழ வேண்டும்.

6

என் பேனல் 2020இல் வந்தது. எல்லாம் சேர்ந்தே அடிக்கும். ஒரே ஒரு விஷயத்தில் மேனேஜர் விட்டுக்கொடுத்தார்: ஜெட் ஆறுக்கும் தனியாக ஒரு அடைப்புத் திருகு. "வாங்கறவர் இஷ்டம்னு போட்டுக்கலாம்" என்றார்.

போன வருடம் அந்த மாடலை நிறைய வீடுகளில் மாட்டிய பிளம்பர் அண்ணன் ஒருவரைப் பார்த்தேன். ஜெட் எப்படி ஓடுகிறது என்று ஆவலாகக் கேட்டேன். அழுத்தம் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். தொட்டி பத்து மீட்டர் மேலே இருந்தால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். நம் மொட்டை மாடி டேங்குக்கு மூன்று மீட்டர்தான், பிரஷர் பம்பு இல்லாமல் ஜெட் வேலை செய்யாது.

"பம்பெல்லாம் வச்சிருக்காங்க சார். ஆனா ஆறையும் அடைச்சிதான் வச்சிருக்காங்க."

"அப்புறம் எப்படிக் குளிக்கறாங்க?"

"ஹேண்ட் ஷவர் இருக்குல்ல, அத பக்கெட்டுக்குள்ள போட்டு ரொப்பிக்கறாங்க. மக்குல மொண்டு ஊத்திக்கறாங்க."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "பின்ன?" என்றாள்.